அத்தியாயம் 9: சொல்லை முடித்துத் தரும் வசதி – கோளாறுகளும் தீர்வுகளும்

"விண்ண" என்று அடித்ததுமே "விண்ணப்பம்" என்ற முழுச் சொல்லும் திரையில் எட்டிப் பார்க்கிறது. ஒரு விசையைத் தட்டினால் சொல் முடிந்துவிடுகிறது. நாள் முழுக்க மனு, தீர்மானம், அறிக்கை என்று அடிப்பவருக்கு இது பெரிய உதவி. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. வேற்றுமை உருபு சேரச்சேர இன்னும் நீளும். அந்த விசைத் தட்டல்களில் ஒரு பங்கு குறைந்தாலும் விரல்களுக்கும் மணிக்கட்டுக்கும் ஓய்வு கிடைக்கும்.

ஆனால் பலர் இந்த வசதியை முதல் வாரத்திலேயே அணைத்துவிடுகிறார்கள். வேண்டாத சொல் வந்து விழுகிறது, வேண்டிய சொல் வரவே மாட்டேன் என்கிறது, ஆங்கிலத்தில் வருவது தமிழில் வருவதில்லை என்று காரணங்கள் சொல்கிறார்கள். இவை ஒவ்வொன்றுக்கும் தெளிவான காரணம் உண்டு; பெரும்பாலானவற்றை ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். வசதியை அணைப்பதற்கு முன் இந்த அத்தியாயத்தை ஒருமுறை படித்து, கணினியில் செய்து பாருங்கள்.

இங்கே முதன்மையாக எடுத்துக்கொள்வது லிப்ரே ஆஃபிஸ் தொகுப்பில் உள்ள ரைட்டர். விலையில்லாமல் கிடைக்கிறது, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்குகிறது, சொற்களை நம் ஆவணத்திலிருந்தே சேகரித்துப் பரிந்துரைக்கிறது. எம்.எஸ். வேர்டு வேறு விதமாக வேலை செய்வதால் அதற்குத் தனிப் பகுதி பின்னால் வருகிறது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: பரிந்துரைப்பது யார்?

திரையில் ஒரு சொல் தோன்றினால் அதை ரைட்டர்தான் தந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே திரையில் நான்கு தனித்தனி வசதிகள் சொற்களை நீட்டக்கூடும். ஒன்றின் குற்றத்துக்கு இன்னொன்றின் அமைப்பை மாற்றினால் எதுவும் சரியாகாது. ஆகவே முதல் வேலை, ஆளை அடையாளம் காண்பது.

1. ரைட்டரின் சொல் நிறைவு வசதி. கர்சருக்கு அருகே சிறிய குறிப்புப் பெட்டியாக ஒரே ஒரு சொல் தெரியும். சில கணினிகளில் பெட்டி இல்லாமல், சொல்லின் மீதிப் பகுதி வரியிலேயே நிறமிட்டுத் தெரியும்.

2. ரைட்டரின் ஆட்டோடெக்ஸ்ட். இதுவும் குறிப்புப் பெட்டியாகவே வரும். ஆனால் ஏற்றுக்கொண்டால் சொல்லுக்குப் பதில் நீங்கள் முன்பே சேமித்துவைத்த முழுப் பத்தியோ முகவரியோ வந்து விழும்.

3. தட்டச்சுக் கருவி. ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாற்றும் கருவிகள், எண்ணிட்ட சொற்பட்டியல் ஒன்றைக் கர்சருக்குக் கீழே விரிக்கும். விண்டோஸ் 10-இல் 2019 மே மாதப் புதுப்பிப்பிலிருந்து தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு வந்த ஒலிப்பு முறை விசைப்பலகை இந்த வகை.

4. விண்டோஸின் சொந்தப் பரிந்துரை. கர்சருக்கு அருகே இரண்டு மூன்று சொற்கள் வரிசையாகத் தெரியும். எந்தச் செயலியில் அடித்தாலும் வரும்.

அடையாளம் காண எளிய சோதனை: நோட்பேடைத் திறந்து அதே சொல்லை அடியுங்கள். அங்கேயும் பரிந்துரை வந்தால் அது ரைட்டருடையது அல்ல. கருவியுடையது அல்லது விண்டோஸுடையது. நோட்பேடில் வராமல் ரைட்டரில் மட்டும் வந்தால், கீழே சொல்லும் வழிகள் உங்களுக்கானவை.

விண்டோஸின் பரிந்துரை வேண்டாம் என்றால்: விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் → டைம் அண்ட் லாங்வேஜ் → டைப்பிங், விண்டோஸ் 10-இல் செட்டிங்ஸ் → டிவைசஸ் → டைப்பிங். அங்கே விசைப்பலகையில் அடிக்கும்போது பரிந்துரை காட்டும் அமைப்பை அணைத்துவிடலாம்.

ரைட்டர் எப்படிச் சொல் சேர்க்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கோளாறுகள் தாமாகவே விளங்கிவிடும். ரைட்டரிடம் முன்கூட்டித் தயாரித்த சொற்களஞ்சியம் எதுவும் இந்த வசதிக்காக இல்லை. நீங்கள் அடிக்கும் சொற்களையும், திறந்திருக்கும் ஆவணத்தில் உள்ள சொற்களையுமே அது ஒரு பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது. அதே சொல்லின் முதல் மூன்று குறிகளை அடுத்த முறை அடிக்கும்போது மீதியை நீட்டுகிறது. ஆகவே ஒரு சொல் இரண்டாம் முறை வரும்போதுதான் பரிந்துரை கிடைக்கும். புதிய ஆவணத்தின் முதல் பத்தியில் எதுவும் வராமல் இருப்பது கோளாறு அல்ல.

பட்டியலையும் அமைப்புகளையும் பார்க்க: டூல்ஸ் → ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் → வேர்ட் கம்ப்ளீஷன். அந்தப் பக்கத்தில் இருப்பவை இவை:

• வசதியை இயக்கும் கட்டம்.
• சொல்லுக்குப் பின் இடைவெளி சேர்க்கும் கட்டம்.
• பரிந்துரையைக் குறிப்புப் பெட்டியாகக் காட்டும் கட்டம்.
• சொற்களைச் சேகரிக்கும் கட்டம்.
• ஆவணத்தை மூடும்போது அதிலிருந்து சேர்த்த சொற்களை நீக்கும் கட்டம்.
• ஏற்றுக்கொள்ளும் விசை எது என்ற தேர்வு.
• சொல்லின் குறைந்தபட்ச நீளம். நாம் மாற்றாதவரை 8.
• பட்டியலில் எத்தனை சொற்கள் வரை இருக்கலாம் என்ற எண்.
• இதுவரை சேர்ந்த சொற்களின் பட்டியல், நீக்கும் பொத்தானுடன்.

இந்தப் பக்கமே காணவில்லை என்றால், திறந்திருப்பது ரைட்டர் ஆவணம்தானா என்று பாருங்கள். கால்க் விரிதாளைத் திறந்துவைத்துக்கொண்டு தேடினால் இது தெரியாது. விரிதாளில் மேல் கட்டங்களில் உள்ளதைப் பார்த்துக் கீழ்க் கட்டத்தை நிரப்புவது வேறொரு வசதி.

கோளாறு 1: பரிந்துரை வரவே இல்லை

கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள். ஒவ்வொரு படிக்கும் பிறகு, நீளமான ஒரு சொல்லை இரண்டு முறை அடித்துச் சோதியுங்கள்.

படி 1: வசதியை இயக்கும் கட்டம், சொற்களைச் சேகரிக்கும் கட்டம் இரண்டிலும் டிக் இருக்க வேண்டும். முதலாவது இருந்து இரண்டாவது இல்லையென்றால், பட்டியல் வெறுமையாகவே கிடக்கும்.

படி 2: அதே பக்கத்தில் உள்ள பட்டியலைப் பாருங்கள். சொற்கள் இருந்தால் சேகரிப்பு நடக்கிறது, காட்டுவதில்தான் சிக்கல். பட்டியல் காலியாக இருந்தால் சேகரிப்பே நடக்கவில்லை. எந்தப் பக்கம் தேடுவது என்பதை இந்த ஒரு பார்வை முடிவு செய்துவிடும்.

படி 3: குறைந்தபட்ச நீளத்தைக் குறையுங்கள். 8 என்று இருந்தால் குட்டிச் சொற்கள் பட்டியலில் ஏறாது. தமிழுக்கு எந்த எண் பொருந்தும் என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

படி 4: சொல்லின் கீழே சிவப்பு நெளிகோடு இருக்கிறதா என்று பாருங்கள். தானியங்கிப் பிழைதிருத்தி இயங்கும்போது, அது சரியென ஏற்கும் சொற்களை மட்டுமே ரைட்டர் சேகரிக்கும். சிவப்புக் கோடிட்ட சொல்லை நூறு முறை அடித்தாலும் பட்டியலில் ஏறாது. ஊர்ப் பெயர், ஆள் பெயர், துறைச் சொல் ஆகியவை வராமல் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். சொல்லின் மேல் வலது கிளிக் செய்து அகராதியில் சேர்த்துவிட்டால் கோடு மறையும்; அடுத்த முறை சொல்லும் சேகரிக்கப்படும்.

படி 5: பட்டியல் நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். பெரிய நூலைத் திறந்து வேலை செய்பவர்கள் அதிகபட்ச எண்ணைக் கூட்டிக்கொள்வது நல்லது.

கோளாறு 2: ஆங்கிலத்தில் வருகிறது, தமிழில் வரவில்லை

இந்த அத்தியாயத்திலேயே நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். காரணங்கள் ஐந்து.

முதல் காரணம், மொழி அமைப்பு. ஆவணத்தில் தமிழ் எழுத்து இருப்பதால் மட்டும் அது தமிழ் என்று ரைட்டருக்குத் தெரிந்துவிடாது. இந்திய மொழிகளைச் சிக்கல் எழுத்தமைப்பு என்ற ஒரே பிரிவில் அது வைத்திருக்கிறது. அந்தப் பிரிவின் இயல்புமொழி இந்தியாகவோ வேறொன்றாகவோ இருந்தால், தமிழ்ச் சொற்களை அந்த மொழியின் அகராதியோடு ஒப்பிட்டு எல்லாவற்றுக்கும் சிவப்புக் கோடு போட்டுவிடும். கோடு விழுந்த சொல் சேகரிக்கப்படாது என்பதை மேலே பார்த்தோம். மாற்ற: டூல்ஸ் → ஆப்ஷன்ஸ் சென்று மொழிகளுக்கான பகுதியைத் திறந்து, காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்பதற்கு எதிரே தமிழைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே அடித்த ஆவணம் என்றால், முழுவதையும் தேர்ந்தெடுத்து, கீழே நிலைப்பட்டையில் தெரியும் மொழிப் பெயரைக் கிளிக் செய்து தமிழ் என்று மாற்றுங்கள். உடனடி நிவாரணம் வேண்டுமானால், ஷிஃப்ட்+எஃப்7 தட்டித் தானியங்கிப் பிழைதிருத்தியை நிறுத்தலாம். ஆனால் பிழையான சொற்களும் அப்போது பட்டியலில் ஏறிவிடும். ஆகவே இதைத் தற்காலிக வழியாகவே கொள்ளுங்கள்.

இரண்டாம் காரணம், எழுத்தைக் கணினி எண்ணும் விதம். நாம் "தமிழ்" என்பதை மூன்றெழுத்தாகப் பார்க்கிறோம். யூனிகோடில் அது ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ரைட்டர் நீளத்தை அளப்பது இந்தக் குறிகளைக் கொண்டுதான். "மாவட்டம்" கண்ணுக்கு ஐந்தெழுத்து, குறிகள் எட்டு. அதனால் 8 என்ற வரம்பை எட்டிப் பட்டியலில் சேர்ந்துவிடும். "அறிக்கை" கண்ணுக்கு நான்கெழுத்து, குறிகள் ஏழு. ஒரு குறி குறைவதால் எத்தனை முறை அடித்தாலும் வராது. "ஊராட்சி"யும் ஏழுதான். அலுவலகத் தமிழ் அடிப்பவர்கள் குறைந்தபட்ச நீளத்தை 6 அல்லது 7 ஆக வைத்தால் இத்தகைய சொற்கள் உள்ளே வந்துவிடும். 5 வரை இறக்கினால் "நிலம்" போன்ற சின்னச் சொற்களும் வந்து பெட்டி ஓயாமல் மின்னும். அவற்றை நேரடியாக அடிப்பதே வேகம்.

மூன்றாம் காரணம், தட்டச்சு முறை. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் கருவி, இடைவெளிப் பட்டையைத் தட்டும் வரை சொல்லைத் தன்னிடமே வைத்திருந்தால், ரைட்டருக்கு முழுச் சொல்தான் வந்து சேரும். பாதியில் பரிந்துரைக்க அதற்கு வாய்ப்பே இல்லை. அந்தக் கருவியின் சொற்பட்டியலையே பயன்படுத்திக்கொள்வது அங்கே சரி. அல்லது எழுத்துகளை உடனுக்குடன் தரும் விசைப்பலகைக்கு மாறலாம்.

எழுத்தை உடனுக்குடன் தரும் ஒலிப்பு முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. அதில் மெய்யெழுத்து முதலில் புள்ளியோடு விழும். உயிர் விசையைத் தட்டியதும் புள்ளி போகும். "விண்ண்" என்று நிற்கும் கணத்தில் அது "விண்ணப்பம்" என்பதன் தொடக்கத்தோடு பொருந்தாது, பெட்டி மறையும். அகர விசையைத் தட்டி "விண்ண" ஆனதும் திரும்ப வரும். பெட்டி வந்துவந்து மறைவதை இயங்குதளக் கோளாறு என்று எண்ணிக் குழம்ப வேண்டாம். உயிரையும் அடித்துவிட்டுப் பெட்டியைப் பாருங்கள். தமிழ்99 முறையில் மெய் விசையைத் தட்டினால் அகரமேறிய எழுத்தே வரும். ஒரே எழுத்தை இரட்டித்தால் முதலதற்குப் புள்ளியைத் தானே இட்டுக்கொள்ளும். ஆகவே அந்த முறையில் அடிப்பவர்களுக்குப் பரிந்துரை கூடுதல் நிதானத்தோடு நிற்கும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட இந்த முறையைக் கற்க இதுவும் ஒரு நல்ல காரணம். இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற கருவிகளில் இந்த முறை உண்டு.

நான்காம் காரணம், ஒரே தோற்றம், வேறு குறிகள். "கொ" என்பதை ஒகரக் குறி ஒன்றைக் கொண்டும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதிவிடலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் குறிகளை ஒப்பிடும் ரைட்டருக்கு அவை வேறு வேறு. ஔகாரக் குறிக்குப் பதில் ளகரத்தை இடுவதும், காலுக்குப் பதில் ரகரத்தை இடுவதும் இதே வகைப் பிழை. "ஸ்ரீ" என்பதும் இரண்டு விதமான குறித்தொடரில் புழங்குகிறது. பிறர் அனுப்பிய கோப்பில் உள்ள சொல், நீங்கள் அடிக்கும்போது பரிந்துரையாக வராவிட்டால் இதைச் சந்தேகியுங்கள். சோதனை: நீங்கள் அடித்த சொல்லைத் தேடல் பெட்டியில் இட்டுத் தேடுங்கள். கண்ணெதிரே இருக்கும் சொல்லைத் தேடல் காணவில்லை என்றால் குறிகள் மாறியிருக்கின்றன. தேடி மாற்றும் வசதியால் ஆவணம் முழுக்க ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய பகுதிகளில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புநீக்கிக் குறிகள் ஒளிந்திருப்பதும் உண்டு. அந்தச் சொல்லை அழித்துவிட்டுக் கையால் அடித்தால் சரியாகிவிடும்.

ஐந்தாம் காரணம், பழைய எழுத்துருக்கள். பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த ஆவணம் கண்ணுக்குத்தான் தமிழ். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக் குறிகளும். பாமினியில் மெய்யின் புள்ளி இருக்கும் இடம் அரைப்புள்ளிக் குறியின் இடம். ஆகவே புள்ளி வரும் இடத்திலெல்லாம் சொல் முடிந்துவிட்டதாகவே ரைட்டர் எண்ணும். சேகரிப்பதும் துண்டுதுண்டாகவே இருக்கும். அதைவிடக் கேடு, வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் ஆங்கிலத் திருத்தம் இதற்குள் புகுந்து, ஒரு தமிழ் எழுத்தை இன்னொன்றாக மாற்றிவிடும். அத்தகைய ஆவணத்தில் வேலை செய்தே ஆகவேண்டும் என்றால், சொல் நிறைவையும் தானியங்கித் திருத்தத்தையும் அந்த நேரத்துக்கு அணைத்துவையுங்கள். நிலையான தீர்வு, எழுத்துரு மாற்றியைக் கொண்டு ஆவணத்தை யூனிகோடுக்குக் கொண்டுவருவது. தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடைத் தன் தரமாக ஏற்றுவிட்டது. பழைய கோப்புகளை மாற்றாமல் தள்ளிப்போட்டால் பரிந்துரை, தேடல், அகரவரிசை, பிழைதிருத்தம் நான்கையும் இழந்துகொண்டே இருப்போம்.

கோளாறு 3: என்டர் தட்டினால் வேண்டாத சொல் விழுகிறது

புதிய பத்திக்குப் போக என்டரைத் தட்டுகிறீர்கள். அதே கணத்தில் பரிந்துரைப் பெட்டி திறந்திருக்கிறது. கர்சர் நகர்வதற்குப் பதில் சொல் நீண்டுவிடுகிறது. "மாவட்ட" என்று முடிக்க நினைத்த இடத்தில் "மாவட்டங்களில்" என்று நிற்கிறது. இந்த வசதியை மக்கள் வெறுப்பதற்கு இதுவே முதல் காரணம்.

ஏற்றுக்கொள்ளும் விசையாக என்டர் வைக்கப்பட்டிருப்பதால் இப்படி நடக்கிறது. வேர்ட் கம்ப்ளீஷன் பக்கத்தில் அதை மாற்றலாம். கிடைக்கும் தேர்வுகள்: எண்ட், என்டர், வலது அம்பு, இடைவெளிப் பட்டை, டேப்.

இடைவெளிப் பட்டையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் தட்டும் விசை அது. தொல்லை பல மடங்காகும். டேப் விசையில், எண்ணிட்ட பட்டியல்கள் அடிப்பவர்களுக்கு இடையூறு வரலாம். அங்கே டேப் படிநிலையை மாற்றவும் பயன்படுகிறது. தொடர்ந்து அடிக்கும்போது அதிகம் தட்டாத விசைகள் வலது அம்பும் எண்டும்தான். தமிழ்த் தட்டச்சர்களுக்கு வலது அம்பையே பரிந்துரைக்கிறேன். கண்டபின் மட்டுமே தட்டுவோம். தெரியாமல் தட்டிவிட மாட்டோம்.

விசையை மாற்ற உரிமையில்லாத பொதுக் கணினி என்றால்: பெட்டி தெரியும்போது முதலில் எஸ்கேப், பிறகு என்டர். தவறாக விழுந்துவிட்டால் உடனே கன்ட்ரோல்+இசட்.

பெட்டியே கண்ணில் படவில்லை, ஆனாலும் சொல் விழுகிறது என்றால், குறிப்புப் பெட்டியாகக் காட்டும் கட்டத்தில் டிக் இல்லாமல் இருக்கலாம். டிக் செய்யுங்கள். வரியிலேயே நீளும் சொல்லைவிடத் தனிப்பெட்டி கண்ணுக்குத் தெளிவு.

சொல்லுக்குப் பதில் ஒரு முழுப் பத்தியே விழுந்தால் அது ஆட்டோடெக்ஸ்ட். டூல்ஸ் → ஆட்டோடெக்ஸ்ட் சென்று, பெயரின் மீதியைப் பரிந்துரையாகக் காட்டும் கட்டத்தின் டிக்கை எடுத்துவிடுங்கள். சேமித்த பத்திகள் போய்விடாது. குறுக்குப்பெயரை அடித்து எஃப்3 தட்டினால் முன்போலவே வரும்.

இடைவெளிப் பட்டையைத் தட்டியபின் சொல் மாறிவிடுகிறது என்றால், அது பரிந்துரையே அல்ல, தானியங்கித் திருத்தம். அதே ஆட்டோகரெக்ட் பெட்டியின் மாற்றுச்சொல் அட்டவணையில் அந்தச் சொல்லைத் தேடி நீக்குங்கள்.

கோளாறு 4: சரியான சொல், தவறான உருபு

"விண்ணப்பத்தை" என்று முன்பு அடித்திருப்பீர்கள். இப்போது "விண்ணப்பத்தின்" வேண்டும். பரிந்துரையோ பழையதைத்தான் நீட்டுகிறது. பல உருபுகள் ஏற்று நீளும் நம் சொற்களுக்கு இது இயல்பாக வரும் சிக்கல். மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, கன்ட்ரோல்+டேப். பட்டியலில் அதே தொடக்கமுள்ள வேறு சொற்கள் இருந்தால் ஒவ்வொன்றாகக் காட்டும். கன்ட்ரோல்+ஷிஃப்ட்+டேப் பின்னோக்கிச் செல்லும்.

இரண்டு, ஏற்றுக்கொண்டு திருத்துவது. "விண்ணப்பத்தை" என்பதை ஏற்று, பேக்ஸ்பேஸை ஒருமுறை தட்டினால் ஐகாரக் குறி மட்டும் போய் "விண்ணப்பத்த" என்று நிற்கும். அதிலிருந்து "இன்" சேர்ப்பது எளிது. டெலிட் விசை முழு எழுத்தையும் எடுத்துவிடும். இங்கே பேக்ஸ்பேஸே உதவும். இந்த வழியில் வேலை செய்பவர்கள், சொல்லுக்குப் பின் இடைவெளி சேர்க்கும் கட்டத்தின் டிக்கை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சொல்லுக்கும் உருபுக்கும் நடுவே இடைவெளி புகுந்துவிடும்.

மூன்று, பட்டியலை நாமே திட்டமிட்டு அமைப்பது. அதைக் கோளாறு 6-இல் பார்ப்போம்.

கோளாறு 5: பிழையான சொல், பிறர் பெயர்

ஒரு முறை தவறாக அடித்த சொல் பட்டியலில் ஏறிவிட்டால், அதுவே திரும்பத்திரும்ப நீட்டப்படும். கவனிக்காமல் ஏற்கும்போது பிழை ஆவணம் முழுக்கப் பரவும். வேர்ட் கம்ப்ளீஷன் பக்கத்தில் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்து நீக்குங்கள். ஆவணத்தில் அந்தப் பிழை எஞ்சியிருந்தால் சொல் மறுபடியும் சேரும். ஆகவே ஆவணத்தைத் திருத்துவது முதலில், பட்டியலைத் திருத்துவது அடுத்து.

பலருக்காக ஒரே கணினியில் மனு அடிக்கும் இடங்களில் இன்னொரு பொறுப்பு இருக்கிறது. காலையில் வந்தவரின் பெயரும் ஊரும் மாலையில் வருபவரின் மனுவில் பரிந்துரையாகத் தோன்றக்கூடும். தெரியாமல் ஏற்றுவிட்டால், ஒருவரின் மனு இன்னொருவர் பெயரில் போய்ச் சேரும்; அதனால் இழப்பு அந்த எளிய மனிதருக்கு. ஆவணத்தை மூடும்போது அதிலிருந்து சேர்த்த சொற்களை நீக்கும் கட்டத்தில் அங்கே கட்டாயம் டிக் இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் அடித்து முடித்ததும் ஆவணத்தை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்க வேண்டும். நாள் முடிவில் லிப்ரே ஆஃபிஸை முழுவதும் மூடிவிட்டால், மிச்சமிருந்த பட்டியலும் அழிந்துவிடும்.

கோளாறு 6: நேற்றுச் சேர்ந்த சொற்கள் இன்று இல்லை

மேலே சொன்ன அழிவு ஒரே ஆளாக வேலை செய்பவருக்கு இழப்பாகத் தோன்றும். அந்தக் கட்டத்தின் டிக்கை எடுத்தால் ஒரு ஆவணத்தின் சொற்கள் மற்ற ஆவணங்களுக்கும் கிடைக்கும். ஆனால் அதுவும் லிப்ரே ஆஃபிஸை மூடும் வரைதான். நாள் கடந்து நிற்க வேண்டுமானால் சொற்பட்டியல் ஆவணம் ஒன்றை உருவாக்குங்கள்.

1. உங்கள் துறை ஆவணங்கள் இரண்டு மூன்றைத் திறந்துவைத்துச் சொற்கள் சேரவிடுங்கள்.
2. வேர்ட் கம்ப்ளீஷன் பக்கத்தில் பட்டியலில் உள்ள சொற்களைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல்+சி தட்டிப் படியெடுங்கள்.
3. புதிய ஆவணத்தில் ஒட்டுங்கள். பிழையானவற்றையும் ஆள் பெயர்களையும் நீக்குங்கள்.
4. அடிக்கடி வரும் உருபு வடிவங்களைச் சேருங்கள்: தீர்மானம், தீர்மானத்தை, தீர்மானத்தின், தீர்மானத்திற்கு என்று. எல்லா வடிவமும் தேவையில்லை. உங்கள் துறையில் புழங்குபவை போதும்.
5. "சொற்பட்டியல்" என்று பெயரிட்டுச் சேமியுங்கள்.
6. தினமும் வேலை தொடங்கும்போது இந்த ஆவணத்தை முதலில் திறந்து, பணி முடியும் வரை திறந்தே வையுங்கள்.

சேகரிப்பு தானே நடக்கும். முதல் பத்தியிலிருந்தே பரிந்துரை கிடைக்கும். இந்தக் கோப்பை உடன் பணிபுரிபவர்களுக்குக் கொடுத்தால், அலுவலகம் முழுவதும் ஒரே எழுத்துக்கூட்டலைப் பின்பற்றவும் வழி பிறக்கும். வழக்கறிஞர் அலுவலகம், பதிப்பகம், ஊராட்சி, பள்ளி என்று ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பட்டியலை வைத்துக்கொள்வது நல்லது.

எம்.எஸ். வேர்டில் என்ன செய்வது?

வேர்டு உங்கள் ஆவணத்திலிருந்து சொற்களைச் சேகரிப்பதில்லை. ஆகவே ரைட்டரில் உள்ளதுபோல் இங்கேயும் வரும் என்று காத்திருக்க வேண்டாம். அதில் இருப்பவை இரண்டு.

ஒன்று, ஆட்டோகம்ப்ளீட். மாதப் பெயர், தேதி, நீங்கள் சேமித்த ஆட்டோடெக்ஸ்ட் ஆகியவற்றை முதல் நான்கு எழுத்துகளுக்குப் பின் நீட்டும். என்டர் தட்டினால் ஏற்கும். வராவிட்டால்: ஃபைல் → ஆப்ஷன்ஸ் → அட்வான்ஸ்டு சென்று, ஆட்டோகம்ப்ளீட் பரிந்துரைகளைக் காட்டும் கட்டத்தில் டிக் செய்யுங்கள். வேர்டு 2007-இல் ஆட்டோடெக்ஸ்டுக்கான பரிந்துரை எடுக்கப்பட்டிருந்தது. 2010-இல் திரும்ப வந்தது. 2007 பதிப்பைப் பயன்படுத்துபவர்கள் தேடி அலைய வேண்டாம்.

இரண்டு, மைக்ரோசாஃப்ட் 365-இல் வரும் வாக்கிய ஊகம். சாம்பல் நிறத்தில் அடுத்த சொற்களைக் காட்டும். டேப் தட்டினால் ஏற்கும், எஸ்கேப் தட்டினால் மறையும். அதே அட்வான்ஸ்டு பக்கத்தில் இயக்கலாம், அணைக்கலாம்.

தமிழில் வேலை செய்பவருக்கு வேர்டில் கைகொடுப்பது ஆட்டோடெக்ஸ்ட்தான். அடிக்கடி வரும் தொடரைத் தேர்ந்தெடுத்து ஆல்ட்+எஃப்3 தட்டி, ஒரு குறும்பெயர் கொடுத்து, ஆட்டோடெக்ஸ்ட் தொகுப்பில் சேமியுங்கள். பிறகு அந்தக் குறும்பெயரை அடித்து எஃப்3 தட்டினால் முழுத் தொடரும் வந்துவிடும். வேர்டை மூடும்போது மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் சேர்த்தது போய்விடும்.

எதுவும் பலிக்காதபோது

எல்லாம் சரியாக இருந்தும் ரைட்டர் பரிந்துரைக்கவில்லை என்றால், பயனர் அமைப்புக் கோப்பு பழுதாகியிருக்கலாம். ஹெல்ப் பட்டியில் சேஃப் மோடில் மீண்டும் தொடங்கும் வழி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து, எந்த மாற்றமும் செய்யாமல் தொடர்ந்து, நீளமான சொல்லை இரண்டு முறை அடித்துப் பாருங்கள். அங்கே பரிந்துரை வந்தால் பழுது உங்கள் அமைப்பில்தான். அதே சாளரத்தில் அமைப்புகளை மட்டும் புதுப்பிக்கும் தேர்வும், முழுப் பயனர் தொகுப்பையும் புதுப்பிக்கும் தேர்வும் உண்டு. முதலாவதை முதலில் முயலுங்கள். இரண்டாவதைச் செய்தால் நீங்கள் சேர்த்த அகராதிச் சொற்களும் ஆட்டோடெக்ஸ்டும் போய்விடும். அதற்கு முன் பயனர் தொகுப்பைப் படியெடுத்து வைக்கும் பொத்தான் அங்கேயே இருக்கிறது, மறக்காமல் பயன்படுத்துங்கள்.

சுருக்க வரிசை

• நோட்பேடில் சோதித்து, பரிந்துரைப்பது யார் என்று அறியுங்கள்.
• பட்டியலில் சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.
• சிவப்புக் கோடு இருந்தால் மொழியைத் தமிழாக்குங்கள், அகராதியில் சேருங்கள்.
• குறைந்தபட்ச நீளம் 6 அல்லது 7.
• ஏற்கும் விசை வலது அம்பு.
• இடைவெளி சேர்க்கும் கட்டத்தில் டிக் வேண்டாம்.
• பொதுக் கணினியில் மூடும்போது நீக்கும் கட்டத்தில் டிக் வேண்டும். சொந்தக் கணினியில் சொற்பட்டியல் ஆவணம் வேண்டும்.

இந்த ஏழையும் இன்றே ஒருமுறை செய்துவிடுங்கள். பிறகு ஒரு வாரம், வசதியை அணைக்காமல் வேலை செய்து பாருங்கள். பட்டியலில் உங்கள் துறைச் சொற்கள் சேரச்சேரப் பரிந்துரைகள் உங்கள் எழுத்தோடு நெருங்கி வரும். அதற்குப் பின்னும் உங்களுக்கு அது இடைஞ்சலாகவே இருந்தால், முதல் கட்டத்தின் டிக்கை எடுத்துவிட்டு ஆட்டோடெக்ஸ்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அறிந்து அணைப்பதில் தவறில்லை.